அண்ணிக்கு அரைத்த கடல்பாசி

பொட்டலத்தைக் கத்தரிக்கோலால் வெட்டியதும் சமையலறை ஜன்னலைத் திறந்தேன். திறந்தும் பயனில்லை. காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு வரும் சாயங்காலக் காற்றே பாதி ஃபாக்டரி வாடையோடுதான் வரும். அன்று வீட்டுக்குள் இருந்தது அதைவிட மோசம். குளியலறைத் துளையிலிருந்து இழுத்தெடுத்த முடிக்கற்றையை உப்புப் போட்டுக் காயவைத்து, பிளாஸ்டிக் பைக்குள் மாதக்கணக்கில் மூடி வைத்தால் எப்படி நாறுமோ அப்படி நாறியது. பார்ப்பதற்கும் அப்படியேதான் இருந்தது. மஞ்சளும் பழுப்புமாகக் கிளை கிளையாகச் சுருண்டு, மேலெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

"பாசிமே அது. கடல்பாசி," என்றார் அண்ணி, கட்டிலில் உட்கார்ந்தபடி. "அத்த ஊற வெச்சி அரைச்சி ஜெல்லு மாதிரி பண்ணணும். போன்ல ஒரு பொம்பள பண்றா. தெனம் ஒரு ஸ்பூனு துன்னா மூட்டு வலியே இருக்காதாம்."

அண்ணி என்று நான் கூப்பிடுவது என் கணவரின் அக்காவை. ராயபுரத்தில் இறால் உரிக்கும் கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் ஐஸ் தண்ணீரில் கை விட்டு வேலை பார்த்தவர். விரல் மூட்டெல்லாம் இஞ்சி மாதிரி புடைத்துப் போயிருந்தது, முழங்காலும் பிடித்துக்கொள்ளும். கணவர் இறந்து, ஒரே மகளும் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். ஊரே காய்ச்சலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தோமே, அந்த வருடம் அவருக்கும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே மூக்கும் போனது. மல்லிகைப்பூவும் தெரியாது, மலமும் தெரியாது. நாலு வருடமாகியும் அது திரும்பவில்லை.

நான் நேர்மாறு. என் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்றவர். செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இருந்ததில்லை. கூடைக்குப் பக்கத்தில் போனாலே எது நேற்றைய மீன் என்று சொல்லிவிடுவேன். அதனால் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் மூக்கைத்தான் நம்பி இருந்தார். பால் டம்ளரையும், முதல் நாள் குழம்பையும் என் முகத்துக்கு நேரே நீட்டி, "நல்லா கீதா பாரு," என்பார். நான் தலையாட்டிய பிறகுதான் வாயில் வைப்பார்.

மீன் வாடை எனக்கு அருவருப்பு இல்லை. அதிலேயே பிறந்து வளர்ந்தவள். எனக்கு ஆகாதது வழவழப்பு. வெண்டைக்காயைக்கூட நன்றாகத் துடைத்து, மொறுமொறுவென்று வதக்கினால்தான் தொடுவேன். இதெல்லாம் தெரிந்தும் என் கணவர்தான் பாசியை ஆர்டர் போட்டுக் கொடுத்திருந்தார்.

"அக்கா கையால கய்வ முடியாதுமே. ரெண்டு வாட்டி பண்ணிக் குடு. அதுக்கே போரடிச்சி வுட்டுரும்," என்றார்.

நாலு தண்ணீர் மாற்றிக் கழுவினேன். முதல் தண்ணீரில் மணல் வந்தது. அடுத்ததில் நகக்கண் அளவுக்குச் சிப்பிகளும் ஒரு துண்டு நைலான் நூலும். மூன்றாவது தண்ணீரில் கால்களை மடக்கிக்கொண்டு செத்துக் காய்ந்த ஒரு பூச்சி மிதந்தது. அதை ஸ்பூனால் எடுத்துப் போட்டுவிட்டு, பாசியை ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து, தட்டைக் கவிழ்த்து மூடி வைத்தேன்.

மறுநாள் காலை தட்டைத் தூக்கினேன். ஒரு கைப்பிடி போட்டது பாத்திரம் முழுக்க உப்பிக் கிடந்தது. நிறமெல்லாம் போய் வெளுத்திருந்தது. ஒவ்வொரு கிளையும் வெகுநேரம் தண்ணீரில் கிடந்த பிணத்தின் விரல் மாதிரி தடித்திருந்தது. கையை விட்டு அள்ளினால் விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிடித்தால் நழுவும், விட்டால் ஒட்டும். கையைத் தூக்கியதும் விரல் நுனியிலிருந்து பாத்திரம் வரைக்கும் சளி மாதிரி ஒரு நூல் நீண்டு தொங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அலசினேன்.

மிக்சியில் போட்டு அரைத்தேன். முதலில் தடதடவென்று ஓடியது, பிறகு சத்தமே மாறிவிட்டது, ஏதோ தொண்டையில் அடைத்துக்கொண்டது போல. ஜாரைச் சாய்த்தால் கஞ்சி மாதிரி ஊற்றவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மொத்தமும் ஒரே கட்டியாகப் பாட்டிலுக்குள் விழுந்தது. மிக்சி சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்ததுதான் என்னால் தாங்கவே முடியாதது. உயிருள்ள எதையோ பிடித்திருப்பது போல் இருந்தது. ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து பார்த்தபோது பாட்டிலுக்குள் அது கட்டியாகி, கதவைத் திறந்த அசைவுக்கு நடுங்கியது.

அடுத்த நாள் அதே ஜாரில் அரைத்த தேங்காய்ச் சட்னியை நான் தொடவில்லை. "ஒரு வாடையும் இல்ல, உனக்கு மட்டும் எங்கேந்துதான் வருதோ," என்று கணவர் சிரித்தார். நான் பொடி தொட்டு இட்லி சாப்பிட்டேன்.

அண்ணிக்குப் போரடிக்கவில்லை. தினமும் காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் பாட்டிலைக் கொண்டுவருவார். "மோந்து பாருமே," என்று என்னிடம் நீட்டுவார். நான் தூரத்திலிருந்தே முகர்ந்து, "நல்லா கீது," என்பேன். ஸ்பூன் உள்ளே இறங்கும்போது ஒரு சத்தம் வரும், சேற்றில் மாட்டிய காலை எடுப்பது போல. உடனே விழுங்கவும் மாட்டார். வாயில் வைத்து இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டுவார். உதட்டோரம் ஒரு பளபளப்பு ஒட்டியிருக்கும். அதோடுதான் என்னிடம் பேசுவார்.

"ஒரு வாயி துன்னு பாரேன். மூஞ்சி சும்மா பளபளன்னு ஆவும்."

"வேணாண்ணி."

"உனக்கு மூக்கு ஜாஸ்தி. அதான் உன் பேஜாரு."

பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை பாட்டில் காலியாகும். மறுபடி மணல், மறுபடி பிண விரல்கள், மறுபடி அந்தச் சூடு. ஐந்து மாதம் செய்தேன். ஒருநாளும் பழகவில்லை. அண்ணி விரல்கள் லேசாகிவிட்டதாகச் சொன்னார், கொடியில் துணிகூட உலர்த்த ஆரம்பித்தார். அது பாசியாலா, ஐஸ் தண்ணீரில் கை வைக்காததாலா, எனக்குத் தெரியாது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த அருவருப்பு மெல்ல மெல்லப் பாசியை விட்டு அண்ணி மேல் ஏறியது. அவர் ஸ்பூனைத் தனியாகப் போட்டேன். அவர் தட்டைக் கடைசியாகக் கழுவினேன். அவர் துண்டு என் துண்டின் மேல் பட்டால் இரண்டையும் ஊறப் போட்டேன். ஒருநாள் எனக்குத் தலைவலி என்று படுத்திருந்தபோது பக்கத்தில் வந்து குந்தி, அந்தப் புடைத்த விரல்களால் என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார். எனக்கே தெரியாமல் என் கை போய்க் கன்னத்தைத் துடைத்தது. அண்ணி அதைப் பார்த்தார். கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார்.

அந்த வருடக் கடைசியில் புயல் மழை வந்தது. இரண்டு நாள் கரண்ட் இல்லை. தெருவில் முழங்காலுக்குக் கறுப்புத் தண்ணீர், அதில் சாக்கடையும் எண்ணெயும் கலந்து மிதந்தது. நாங்கள் மாடி என்பதால் தப்பித்தோம். ஆனால் கீழே மோட்டார் தண்ணீரில் மூழ்கி ஓடாததால் பிடித்து வைத்திருந்த இரண்டு டிரம் தண்ணீரைத்தான் எல்லாவற்றுக்கும் ஓட்டிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் காலை கரண்ட் வந்ததும் ஃப்ரிட்ஜில் கெட்டுப்போனதையெல்லாம் எடுத்துக் கொட்டினேன். மீனும் பாலும் போயின. பாசி பாட்டிலைத் திறந்தேன்.

மூடியைத் திருகும்போதே உள்ளிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. மேலே ஒரு விரற்கடைக்குக் கலங்கல் தண்ணீர் பிரிந்து நின்றது. புளித்த மாவோடு நாலு நாள் வெயிலில் கிடந்த சிப்பியைச் சேர்த்தது போல ஒரு நாற்றம். கெட்டுப்போயிருந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கொட்டியிருக்கலாம். கொட்டினால் அண்ணி வேறு கேட்பார். பொட்டலத்தில் இன்னும் பாசி இருந்தது. டிரம்மில் மிச்சமிருந்த தண்ணீரில் மறுபடியும் அதைக் கழுவ வேண்டும், அந்த விரல்களை மறுபடி அள்ள வேண்டும்.

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். "இன்னாமே, ஜெல்லு நல்லா கீதா? மோந்து பாத்தியா?"

"நல்லாதான் கீது அண்ணி," என்றேன்.

வாய் தவறிச் சொன்னதில்லை. யோசித்துத்தான் சொன்னேன். மேலே நின்ற தண்ணீர் அவர் கண்ணில் படாதபடி ஸ்பூனால் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் பாட்டிலைக் கையில் கொடுத்தேன். மழைக் களேபரத்தில் முந்தின நாள் சாப்பிடாததற்கும் சேர்த்து இரண்டு ஸ்பூன் சாப்பிட்டார்.

மத்தியானத்துக்குள் ஆரம்பித்துவிட்டது. முதலில் வாந்தி, பிறகு பேதியும் சேர்ந்தது. பாத்ரூமுக்குப் போகும் வழியிலேயே புடவையோடு உட்கார்ந்துவிட்டார். நான் வாரினேன், துடைத்தேன், புடவையை மாற்றினேன். அந்த நாற்றத்துக்கு நடுவே காலையில் பாட்டிலிலிருந்து வந்த அதே புளிப்பு வாடை தனியாகத் தெரிந்தது. என் மூக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. "உனுக்குக் கஸ்டம், உனுக்குக் கஸ்டம்," என்று அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தார்.

கணவர் டோல்கேட் பக்கத்திலிருந்து மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றைப் பிடித்து வந்தார். அதில் பாயைப் போட்டு அண்ணியைப் படுக்க வைத்து, தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டே மெயின் ரோடு வரைக்கும் போய், அங்கிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு இளம் டாக்டரம்மா நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "கெட்டுப்போனது எதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார்.

"தண்ணி சரியில்ல டாக்டர். எங்க ஏரியாவே கலீஜா கீது," என்றார் கணவர்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

நாலாம் நாள் கணவர் வேலைக்குப் போயிருந்தார். வார்டில் அண்ணி எழுந்து உட்கார்ந்து பிரெட்டைப் பாலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருந்தது. அவர் தின்று முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"அண்ணி, அன்னிக்கி அந்த ஜெல்லு கெட்டுப்போய்தான் இருந்துச்சி. எனக்குத் தெரியும்."

அவருக்கு உடனே புரியவில்லை. பிறகு டம்ளரைக் கீழே வைத்தார். "தெரிஞ்சா குடுத்த?"

"ஆமா."

"இன்னாத்துக்கு?"

"மறுபடி பண்றத நெனச்சா கொமட்டிகினு வந்துச்சி."

கையில் குத்தியிருந்த ஊசியின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நீவிவிட்டார். "பாசிய நெனச்சி கொமட்டுச்சா, என்ன நெனச்சி கொமட்டுச்சா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பாசியைத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். இன்னொரு பொய்யை அந்த முகத்துக்கு நேராகச் சொல்ல வரவில்லை. அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், "மிச்சப் பாசியத் தூக்கிப் போடு," என்றார். அதோடு ஜெல் நின்றது. மிக்சி ஜாரையும் சேர்த்தே குப்பைத் தொட்டியில் போட்டேன். ஒரு வாரம் கழித்து ஒரு மாலையில் அண்ணி பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்குவதைப் பார்த்தேன். கீழ் வீட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம் இருந்தது. அந்த அம்மாவிடம் டம்ளரை நீட்டி, "இத்த கொஞ்சம் மோந்து பாத்து சொல்லும்மா," என்று அண்ணி கேட்பது மேலே எனக்குக் கேட்டது. மறுநாள் கிண்ணத்தில் குழம்போடு இறங்கினார். அதன்பின் தினமும் இறங்கினார்.

அந்த அம்மா ஒருநாள் என்னைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார். "நீங்க மேல இருக்கும்போது அவ்வோ எதுக்கு இந்தக் காலோட கீழ இறங்கி வாராவ? நீங்க பாத்துச் சொல்லப்படாதா?"

"நடக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காங்க," என்றேன். பொய் எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அன்று தெரிந்தது.

அண்ணி இதை யாரிடமும் சொல்லவில்லை. தம்பியிடம்கூட. இன்றுவரை என் கணவருக்குத் தெரியாது. எதனால் மறைத்தார் என்று கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

போன மாதம் ராயபுரத்தில் உறவுக்காரர் வீட்டில் ஞானஸ்நானம். கோயில் முடிந்து மண்டபத்தில் பந்தி. எனக்கு எதிர் வரிசையில் அண்ணி உட்கார்ந்திருந்தார். கணவர் தன் சித்தப்பாவிடம் புயல் மழைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா எடுத்த வாந்தி, பேதி எல்லாத்தையும் இவதான் கையாலயே வாரிப் போட்டா சித்தப்பா. மூஞ்சி சுளிக்கல. பெத்த பொண்ணுகூட அப்டி செய்யாது."

சித்தப்பா என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "கர்த்தர் உன்ன நல்லா வெப்பாரும்மா," என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணி பிரியாணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆமா, நல்லாதான் பாத்துகினா," என்றார்.

வாயில் இருந்த சோற்றைக் கர்ச்சீப்பில் துப்பிச் சுருட்டிக்கொண்டு, இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன்.