மிதி, விடு

என் அண்ணனும் அண்ணியும் இருபது வருடத்துக்கு மேல் பேசிக்கொண்டதை இரண்டு சொல்லில் அடக்கிவிடலாம். மிதி, விடு. அண்ணன் காருக்குப் பின்னால் நின்று மிதி என்பான், அண்ணி உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பார். விடு என்பான், விடுவார். அண்ணனை அவன் என்றும் அண்ணியை அவர் என்றும் எழுதுகிறேனே என்று யாருக்காவது உறுத்தினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். காரணம் போகப் போகத் தெரியும்.

அண்ணன் கார்களுக்கு லைட், வயரிங் வேலை பார்ப்பவன். கீழே பட்டறை, மேலே வீடு. எதிரே உள்ள உதிரி பாகக் கடையில் நான் பல்பும் ஃபியூஸும் எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். அதனால் அந்தப் பட்டறையில் நடக்கும் எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. கல்யாணமான புதிதில் அண்ணி ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தார். பிரேக் லைட் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். மனிதனுக்கே தன் முதுகு தனக்குத் தெரியாது, காருக்கு மட்டும் தெரிந்துவிடுமா? ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். வெளியாளை வைத்தால் கட்டுப்படியாகாது, ஆள் இல்லாமல் வேலை ஓடாது என்று அண்ணன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். அண்ணி துணிக்கடையை விட்டுவிட்டு வந்து பெடல் முன்னால் உட்கார்ந்தார்.

எத்தனை விதமான சீட்டுகள்! தோல் போர்த்தியது, நாய் முடி ஒட்டியது, பிஸ்கட் தூள் நிறைந்தது, சிகரெட் வாடை அடிப்பது. எல்லாவற்றிலும் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்தவர் அண்ணி. ஒன்றில்கூட ஒரு முழம் நகர்ந்ததில்லை. பட்டறையின் பின்சுவரில் ஒரு பழைய கண்ணாடிக் கதவு சாய்ந்து கிடந்தது. காரின் கண்ணாடியில் அந்தக் கதவு தெரியும், கதவில் காரின் பின்பக்கம் தெரியும். போகப்போக, அண்ணன் சொல்வதற்கு முன்பே, இடது பக்கம் பாதிதான் எரிகிறது என்று அண்ணி உள்ளிருந்து சொல்ல ஆரம்பித்தார். உன்னை மிதிக்கச் சொன்னேனா, பார்க்கச் சொன்னேனா என்று அவன் எரிந்து விழுவான். பிறகு குனிந்து இடது பக்கத்தைத்தான் பிரிப்பான்.

எல்.இ.டி. விளக்குகள் பரவிய பிறகு அவன் தொழில் இன்னும் நன்றாக ஓடியது, குணம் இன்னும் கெட்டது. பல்பு போனால் கழற்றி மாட்டிவிடலாம். எல்.இ.டி. விளக்கு போனால் விளக்குக் கூட்டையே முழுசாக மாற்றுகிற செலவு. பழைய காரில் பல்பை எடுத்துவிட்டு மலிவான எல்.இ.டி.யைச் செருகினால் வேறு வம்பு. அது மிகக் கொஞ்சமாகத்தான் கரண்ட் இழுக்கும். உடனே கார், விளக்கு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் எச்சரிக்கை போடும். பின்னால் விளக்கு எரியாததற்காகக் கவலைப்பட்ட வாடிக்கையாளரை நான் அதிகம் பார்த்ததில்லை. அது பின்னால் வருகிறவன் பாடு. கண்ணெதிரே மினுங்கும் மஞ்சள்தான் அவர்களுக்கு ஆகாது.

அந்த மஞ்சளுக்கு அண்ணனிடம் ஒரு மருந்து இருந்தது. ரெசிஸ்டர் என்று கடையில் நான்தான் எடுத்துக் கொடுப்பேன், சுண்டுவிரல் நீளத்தில் தங்க நிறத்தில் ஒரு உலோகக் கட்டி. விளக்குக்குப் போகும் வயரில் அதையும் சேர்த்துக் கட்டிவிட்டால் பல்பு இழுக்கிற அளவு கரண்டை அது சும்மா இழுத்துச் சூடாகிக்கொண்டிருக்கும். விளக்கு பத்திரமாக இருக்கிறது என்று கார் நம்பிவிடும், மஞ்சளும் அணைந்துவிடும். அதன் பிறகு எல்.இ.டி. செத்தே போனாலும் கார் வாயைத் திறக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

பல் டாக்டர் ஒருவரின் சிவப்புக் காருக்கு அப்படித்தான் இரண்டு பக்கமும் கட்டினான். பின் கண்ணாடிக்கு மேலே இருக்கும் மூன்றாவது விளக்கு எப்போதோ போயிருந்தது. இரண்டு எரிந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றும் மிதித்தது அண்ணிதான். மஞ்சள் அணைந்ததும் டாக்டருக்கு வாயெல்லாம் பல். அண்ணி மட்டும் சீட்டில் இருந்தபடியே கேட்டார்.

“ஏங்க, நாளைக்கு நிஜமாவே எரியாம போனா அவருக்கு எப்படித் தெரியும்?”

நாளைக் கதை நாளைக்கு என்று சொல்லி அண்ணன் டாக்டரோடு சேர்ந்து சிரித்தான். அடுத்த வருடம் டாக்டர் புதுக் கார் வாங்கினார். பழைய சிவப்பை அண்ணன் மலிவாக எடுத்துப் பட்டறைக்குப் பின்னால் திறந்த வெளியில் போட்டான். ஒரு மழைக்காலம் முழுவதும் அது அங்கேயே நனைந்துகொண்டிருந்தது.

அண்ணிக்கு உறவு என்று சொல்ல ஒரே ஒரு அக்கா. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, பக்கத்து ஊரில் படுக்கையில் இருந்தார். கவனிக்க ஆள் உண்டு. ஆனால் அக்காவுக்குப் பேச்சு குழறும், அந்தக் குழறலை அண்ணி ஒருவர்தான் புரிந்துகொள்வார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். கடைசி பஸ் சீக்கிரமே கிளம்பிவிடும், மறுநாள் மிதிக்க ஆள் வேண்டும் என்பதால் ராத்தங்கவும் முடியாது. போய் நாலு வாய் ஊட்டி, தலை சீவி முடிப்பதற்குள் எழுந்து ஓட வேண்டும். அக்கா எதையோ சொல்ல ஆரம்பித்திருப்பார், பாதியில் விட்டுவிட்டு வருவதாக அண்ணி சொல்லி அழுதிருக்கிறார். காரில் கூட்டிப் போகச் சொல்லி அண்ணனைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை என்பான். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவன் காரோடு வந்து நிற்பான்.

ஒரு நாள் அண்ணி கடைக்கு வந்து, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவதாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மதியம் அண்ணன் தூங்கும் நேரத்தில் பயிற்சிப் பள்ளிக்குப் போனார். கிளட்ச் தெரியாது, கியர் தெரியாது, பிரேக்கை மட்டும் இவ்வளவு பதமாக மிதிக்கிறீர்களே என்று வாத்தியார் முதல் நாளே அசந்துபோனாராம். அதைச் சொல்லி அண்ணி அப்படிச் சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இரண்டாவது தடவையில் லைசென்ஸும் வாங்கிவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. பேச்சை நிறுத்திக்கொண்டான், மிதி விடுகூடக் கிடையாது. கார் வந்தால் பக்கத்து டயர் கடைக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். தினம் எத்தனையோ பேருடைய காருக்குள் உட்கார வைத்த பெண்டாட்டி, தானே ஒன்றை ஓட்டிக்கொண்டு போனால் இவன் தலையில் இருக்கும் கிரீடம் இறங்கிவிடுமாம். கல்லானாலும் கணவன் என்கிறார்களே, கல்லாவது ஒருவர் உட்கார இடம் கொடுக்கும்.

நான்தான் போய்ச் சண்டை போட்டேன். பின்னால் துருப்பிடிக்கிற சிவப்புக் காரை அண்ணிக்குக் கொடு, ஒரு நாள் முழுக்க அக்காவோடு இருந்துவிட்டு வரட்டும் என்றேன். ஓட்டிக் கிழிக்கட்டும் பார்க்கலாம் என்கிற முகத்தோடு சம்மதித்தான். பேட்டரி மாற்றினான், டயருக்குக் காற்று பிடித்தான், பிரேக் ஆயில் ஊற்றினான். அதையெல்லாம் குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி அக்காவின் சீப்பும் சாப்பாட்டு டப்பாவும் வைத்த பையோடு கீழே இறங்கி வந்தார். இத்தனை வருடப் பழக்கம், கோபத்தையும் மீறி வாயில் வந்துவிட்டது.

“லைட்டுக்கு மிதிக்கட்டுமாங்க?”

அவன் அவரைப் பார்க்கவில்லை. எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று என்னிடம் சொன்னான். லைட் விஷயத்தில் அவன் வாக்குக்கு அந்தத் தெருவில் மறுபேச்சே கிடையாது. அண்ணி வண்டியை எடுத்தார். தெருமுனையில் திரும்பும்போது இண்டிகேட்டர் போட்டு, நின்று, இரண்டு பக்கமும் பார்த்துத் திரும்பினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அக்கா வீட்டுக்கு அவர் போய்ச் சேரவில்லை. பாதி வழியில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. அண்ணி பிரேக்கை மிதித்தார், கார் சைக்கிளைத் தொடாமல் நின்றது. பின்னால் வந்த செங்கல் லாரி நிற்கவில்லை.

நாங்கள் போனபோது அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். லாரிக்காரர் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கினான்.

“சார், பிரேக் லைட் எரியவே இல்ல சார்,” என்றார் அவர். “எரிஞ்சிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்.”

“நான் லைட்டு வேலை செய்யறவன்டா. நானே பார்த்து அனுப்பின வண்டி இது.”

கூட்டம் அவனைத்தான் நம்பியது, போலீசும் நம்பியது. அங்கே லாரிக்காரர் மேல் பழி போட்டவன், ஆஸ்பத்திரிக்கு வந்த உறவுக்காரர்களிடம் வேறு பாட்டுப் பாடினான். புதுசாக ஓட்டுகிறவள், சடாரென்று மிதித்திருப்பாள், பெண்கள் கையில் வண்டியைக் கொடுத்தால் இதுதான் என்றான். கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு படுத்திருந்த அண்ணி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நசுங்கிய காரைப் பட்டறையில் கொண்டுவந்து போட்டார்கள். வலது விளக்கு தூள், இடது விளக்கு முழுசாக இருந்தது. லாரிக்காரர் முகம் எனக்கு மறக்கவே இல்லை. அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்த நேரம் டயர் கடைக்காரரை அழைத்து உட்கார வைத்து, நான் பின்னால் நின்று மிதிக்கச் சொன்னேன். சிவப்பு வரவில்லை. முன்னால் மஞ்சள் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன், ஒன்றும் இல்லை என்றார். அவரை மிதித்தபடியே இருக்கச் சொல்லிவிட்டு விளக்குக் கூட்டைப் பிரித்தேன். உள்ளே மழைத் தண்ணீர் தேங்கி எல்.இ.டி. பலகை பச்சை பூத்திருந்தது. பக்கத்தில் அண்ணன் கைக்கட்டு, கறுப்பு டேப் மூன்று சுற்று. அதற்குள் இருந்த ரெசிஸ்டர் என் விரலைச் சுட்டது. எரியாத விளக்குக்காக அது ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது.

சாயங்காலம் அதைக் கழற்றிக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தேன். அவன் பார்த்த லட்சணத்தை அவன் வாயாலேயே சொன்னான். வண்டியைப் பார்த்த அன்று டயர் கடைக்கு லீவு. அண்ணியைக் கூப்பிட மனமில்லை. தானே உட்கார்ந்து ஒரு மிதி மிதித்துவிட்டு முன்னால் பார்த்திருக்கிறான்.

“மஞ்சள் வரலையே, அதான் நல்லாயிருக்குன்னு...”

அத்தோடு நின்றுவிட்டான். அந்த மஞ்சளை ஊமையாக்கியவன் யாரென்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் விற்ற பொய்யைக் கடைசியில் அவனே வாங்கியிருந்தான். தலை குனிந்தான். அழப்போகிறான் என்றுகூட நினைத்தேன். நிமிர்ந்தபோது, இதை யாரிடமும் சொல்லாதே, தெரிந்தால் பட்டறைக்கு ஒரு வண்டி வராது என்றான். அண்ணியிடமும் வேண்டாமாம், உடம்பு தேறினால் மறந்துவிடுவாராம்.

நான் அண்ணியிடம் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடியே கேட்டார். கழுத்தைத் திருப்ப முடியாதே.

“அன்னிக்கே கேட்டேன், அவருக்கு எப்படித் தெரியும்னு,” என்றார். பிறகு, “அந்த லாரிக்காரர்கிட்ட சொல்லிட்டாரா?” என்று கேட்டார்.

அண்ணன் சொல்லவில்லை. நான்தான் டயர் கடைக்காரரோடு ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அண்ணன் என்னோடும் பேசுவதில்லை. எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

கழுத்து இனி முழுசாகத் திரும்பாது, கார் ஓட்ட நினைக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். லைசென்ஸ் அண்ணியின் கைப்பையிலேயே கிடந்தது. கூன் விழுந்த மாதிரி மெல்ல நடமாட ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினார். பட்டறையில் ஒரு வேன் நின்றது. அண்ணன் அதன் பின்னால் நின்று விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் சிவப்பு பளிச்சென்று எரிந்தது. ஓட்டுநர் சீட்டில் யாரும் இல்லை.

சீட்டின் விளிம்புக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவே, தரை துடைக்கிற கட்டையின் கைப்பிடியை வெட்டி முட்டுக் கொடுத்திருந்தான். டயர் கடைக்காரர் ஓயாமல் கூப்பிடுகிறாயே என்று சலித்துக்கொண்டதும் கண்டுபிடித்தானாம்.

“அம்சமா நிக்குது பாருங்க,” என்று டயர் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். “இவ்வளவு நாள் இது தோணாம போச்சே.”

ஒரு துணிக்கடை வேலை, இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், ஒரு அக்கா பாதியில் நிறுத்திய பேச்சு, இவ்வளவையும் ஒரு பெண்ணிடமிருந்து வாங்கிக்கொண்டு இவன் செய்வித்த வேலையை, அரைக் கட்டை செய்துகொண்டிருந்தது. அண்ணி வேனுக்குப் போய், கையை விட்டு அந்தக் கட்டையை உருவினார். பின்னால் சிவப்பு அணைந்தது. யாரது என்று அண்ணன் எட்டிப் பார்த்தான்.

அண்ணி கட்டையைத் தன் காலோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். முழங்காலிலிருந்து குதிகால் வரை சரியாக இருந்தது.

“என் கால் அளவு உன் அண்ணனுக்கு நல்லாத்தான் தெரிஞ்சிருக்கு,” என்று என்னிடம் சொன்னார். கட்டையை இருந்த இடத்திலேயே திரும்ப முட்டுக் கொடுத்தார். சிவப்பு மறுபடி எரிந்தது.

மறுநாள் காலை நான்தான் அவரைப் பஸ் ஏற்றிவிட்டேன். அண்ணன் பட்டறையில் வேலை எப்போதும் போல நடக்கிறது. அண்ணி அக்கா வீட்டில் இருக்கிறார், அக்கா சொல்வதை முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்கிறார். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை.