தட்டுக்கு ஒரு பூ

விருந்துக்கூடத்துச் சமையலறையில் எங்கள் அக்காவுக்கு வைத்த பெயர் கடைசிக்கை. உள்ளே எத்தனை பேர் சமைத்தாலும், அவள் கை பட்ட பிறகுதான் தட்டு வெளியே போகும். விளிம்பில் சிந்தியதைத் துடைப்பாள். மேலே ஒரு புதினாத் துளிரோ பழத்துண்டோ வைப்பாள். நான் அதே கூடத்தில் மேடை அலங்காரம் செய்கிறவன். எங்களுக்கு ஒரே முதலாளி, ஒரே பின்வாசல். ஆனால் அவள் என்னைப் போல நிம்மதியாக ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை.

எனக்கு முன்பே அவளோடு கூடப்பிறந்தது பயம். வீட்டைப் பூட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை வந்தவள், அடுப்பை அணைத்தேனா என்று திரும்பி ஓடுவாள். அவள் புருஷன், பேருந்து ஓட்டுகிற எங்கள் மாமா, "உங்கக்கா அடுப்பை விட்டுட்டு வந்தாலும் வருவா, பயத்தை விட்டுட்டு வர மாட்டாப்பா" என்பார்.

தட்டு விஷயத்தில் அவளிடம் ஒரே ஒரு சட்டம்தான். தட்டில் இருப்பது எதுவானாலும் வாய்க்குள் போகலாம் என்று இருக்க வேண்டும். ஐஸ்கிரீமில் செருகுகிற காகிதக் குடை, பல்குத்தும் குச்சி எதையும் கிட்டவே சேர்க்க மாட்டாள்.

பெரிய இடத்து ஆர்டர்கள் ஆங்கிலத்தில் வரத் தொடங்கியதும் அவளைப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. ஒரு வார்த்தை தவறினாலும் வேலை போய்விடுமாம். பழைய புத்தகக் கடையில் ஒரு அகராதி வாங்கினாள். அதிலும் விடிவில்லை.

"எதைப் புரட்டினாலும் அலங்கரின்னே போட்டிருக்கான்டா. எல்லாம் ஒண்ணுதான்னா எதுக்கு இத்தனை வார்த்தை?"

யாரும் பதில் சொல்லாததால் அவளாகவே பிரித்து வைத்துக்கொண்டாள். பின்வாசல் படியில் டீ குடிக்கும் நேரத்தில் எனக்குப் பாடம் நடக்கும். வேண்டாம் என்றாலும் விடமாட்டாள்.

"டெகரேட்னா உன் வேலை. மேடை, சுவரு, கூடம். கண்ணுக்கு மட்டும்தான். கார்னிஷ்னா என் வேலை. அதைத் தின்னலாம்."

"அந்த எம்பெல்லிஷ்?"

"இருக்கறதுக்கு மேல கொஞ்சம் சேர்த்து விடறது. நீ கதை சொல்ற மாதிரி."

"நேத்து இன்னொண்ணு சொன்னியே, அடார்னோ என்னவோ."

டம்ளரைக் கீழே வைத்து யோசித்தாள். "அதுவும் அழகு பண்றதுதான். ஆனா அதுக்குப் பிரியமான ஆள் வேணும்னு எனக்குத் தோணுது. சுவரைப் போய் யாரு அடார்ன் பண்ணுவா?"

"மாமா உனக்கு என்னிக்காவது பண்ணியிருக்காரா?"

"போடா. அவருக்கு ஸ்டியரிங்கைத் துடைக்கவே நேரம் பத்தலை."

அன்று ஒரு வயதான தம்பதிக்கு ஐம்பதாவது கல்யாண நாள் விருந்து. பிள்ளைகள் அனுப்பிய ஆர்டரில், புட்டிங் தட்டுகளை வெள்ளைப் பூவால் டெகரேட் செய்யவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. சாப்பிடக்கூடிய பூ கொண்டுவருகிற ஆள் வரவே இல்லை. முதலாளி சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"பூ இல்லாம ஒரு தட்டு வெளியே போச்சுன்னா, நீயும் அதோடயே போயிடு."

பாவி மனுஷன், பயந்தவளிடம் போய் அப்படிப் பேசலாமா? அவள் அந்த ஆர்டரை மறுபடி மறுபடி படித்திருக்கிறாள். கார்னிஷ் என்று போட்டிருந்தால் முடியாது என்றே சொல்லியிருப்பாள். டெகரேட் என்றுதானே இருக்கிறது, பார்க்கத்தானே கேட்கிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். நான் வாசல் தோரணத்தைச் சரிசெய்ய ஏணி மேல் இருந்தேன். பின்வாசலில் என் வாளியில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் மிச்சமிருந்தன. எடுத்து நன்றாகக் கழுவி, தட்டுக்கு ஒன்றாக வைத்து அனுப்பிவிட்டாள். ஒரு வார்த்தையை நம்பித் தன் சட்டத்தைத் தானே மீறினாள்.

நான் இறங்கி வந்து பார்த்தால் வாளி காலி.

"அக்கா, என் பூவெல்லாம் எங்க?"

"தட்டுல வச்சேன். ஏன்டா?"

"அது மருந்துல முக்கினதுக்கா. வாடாம இருக்கறதுக்கு." அந்த மருந்து டப்பாவில் மண்டையோடு படம் போட்டிருக்கும்.

"கழுவினேனே."

"கழுவினா போகாது."

"டெகரேட்னுதானே போட்டிருந்தான்" என்றாள் மெதுவாக.

"சாப்பிடறவங்க ஆர்டரைப் படிச்சிட்டா வந்து உக்காந்திருக்காங்க?"

சமையலறை ஆட்கள் விருந்து நேரத்தில் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. அக்கா கறை படிந்த ஏப்ரனோடு அப்படியே ஓடினாள். நல்ல காலம், மேடையில் மூத்த மகன் பேசி முடிக்காததால் யாரும் கரண்டியை எடுக்கவில்லை. "மன்னிச்சிடுங்க, இதைத் தொடாதீங்க" என்று சொல்லிச் சொல்லித் தட்டுகளை எடுத்தாள். நானும் பரிமாறுகிறவர்களும் மறுபக்கத்திலிருந்து எடுத்தோம். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். ஒவ்வொரு தட்டிலும் பூ இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அவள் எண்ணி முணுமுணுத்தாள்.

முதல் மேசையில் பெரியவரின் தட்டில் புட்டிங் தொடாமல் இருந்தது. பூவைக் காணோம். அவர் வாய் மட்டும் மென்றுகொண்டிருந்தது.

"ஐயா, பூவைச் சாப்பிட்டீங்களா?"

அவருக்குக் காது மந்தம். "என்னம்மா?"

"பூ! தட்டுல இருந்த பூ!" அக்கா கத்தினாள். மேடையிலிருந்து மகன் ஓடிவந்து, "வாயைத் திறங்கப்பா" என்று தாடையைப் பிடித்தான். உள்ளே ஒன்றுமில்லை, பல்கூட இல்லை. சும்மா மெல்லுவது அவர் பழக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் விழுங்கிவிட்டார் என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். கூடமே எழுந்து நின்றது.

பெரியவர் மகனின் கையைத் தட்டிவிட்டார். "பூவை எவனாவது திம்பானா? அது இவளுக்கு."

பக்கத்திலிருந்த அந்த அம்மா தலையைத் திருப்பினார். காதுக்கு மேல் செருகியிருந்தது. வெள்ளை முடியில் வெள்ளைப் பூ, அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. அக்கா எடுக்கக் கை நீட்டினாள். அந்த அம்மா பூவைக் கையால் மூடிக்கொண்டார்.

"இது எனக்குக் குடுத்ததும்மா."

அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

புட்டிங்குக்குப் பதிலாகப் பழம் நறுக்கி அனுப்பினோம். முதலாளி பின்வாசலுக்கு வந்து, அவளை ஒரு முறை முறைத்துவிட்டு, "நாளைக்குச் சீக்கிரம் வந்துடு" என்று மட்டும் சொல்லிப் போனார். அவள் படியில் உட்கார்ந்தாள்.

"அடார்ன்" என்றாள்.

"என்னது?"

"அந்தப் பெரியவர் பண்ணினது." சொல்லிவிட்டு அழுதாள். என்னால் கிண்டல் பண்ண முடியவில்லை.

அழுகை பாதியில் நின்றது. "டேய், அவர் அந்தப் பூவைக் கையால எடுத்திருக்கார். அதே கையாலதானே பழம் சாப்பிடுவார்? அந்தம்மாவும் தொட்டாங்களே."

ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மறுபடி கூடத்துக்குள் ஓடினாள். நான் போய்ப் பார்த்தபோது, அந்த அம்மாவின் கையைத் துடைத்து முடித்துவிட்டு, பெரியவர் முன்னால் மண்டியிட்டு, தட்டின் விளிம்பைத் துடைப்பது போல அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கை முடிந்ததும் அவர் மறுகையை நீட்டினார்.