கிழக்கே திருப்பிய டிஷ்

ராஸ் அல் கைமாவில் குளிர்காலம் பிறந்துவிட்டால் வியாழக்கிழமை மதியங்களில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். அறைக்கு அறை ஏசி ஓடும் வீட்டைப் பூட்டிவிட்டு, பிக்கப் வண்டியின் முதுகில் இன்னொரு சின்ன வீட்டை ஏற்றிக்கொண்டு, மணலில் போய் உட்காருவதற்காக மனிதர்கள் கிளம்புவார்கள். நாங்கள் ஊரில் மணலில் பாய் விரித்துப் படுத்தவர்கள். அதிலிருந்து தப்பிக்கத்தான் நகையை அடகு வைத்து, ஏஜென்டைக் கெஞ்சி, விமானம் ஏறி வந்தோம். வந்த இடத்தில் முதலாளி எங்களையும் ஏற்றிக்கொண்டு மறுபடி மணலுக்கே போகிறார். அதற்கு ஓவர்டைமும் கிடையாது.

முதலாளியை இங்கே அர்பாப் என்போம். எங்கள் அர்பாப் அபு ஹமதுக்குக் கல்குவாரி லாரிகள் பல உண்டு. பக்கத் தொழிலாக ஒரு டிஷ் ஆன்டெனா கடையும் உண்டு. அதில் நான் டெக்னீஷியன். அவர் பிக்கப்பில் ஏற்றுகிற அந்தச் சின்ன வீடு அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. வண்டியின் பின்தட்டில் அப்படியே தூக்கி உட்காரவைக்கிற அறை அது. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் உண்டு. கேரவன் என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வோம். முன்னோர் வாழ்ந்தபடி பாலைவனத்தில் இரண்டு நாள் வாழ வேண்டும் என்பது அர்பாபின் ஆசை. அப்படி வாழ்வதற்கு ஜெனரேட்டர் வாங்கினார், ஐஸ் பெட்டி வாங்கினார், டிரைவர் அமலதாஸைச் சமையலும் கற்றுக்கொள்ளச் சொன்னார். டிஷ் ஒன்றுதான் குறை என்று ஒரு நாள் கடைக்கு வந்து என்னைப் பார்த்தார்.

கேரவனில் டிஷ் வைப்பது மாடியில் வைப்பது போல் அல்ல. முதலில் கூரையில் ஓட்டை போட்டு போல்ட் முடுக்கினேன். கூரை மெல்லிய அலுமினியத் தகடு. முதல் பயணத்திலேயே ஆட்டம் கண்டு, அந்த வருஷத்தின் ஒரே மழை அர்பாபின் கட்டிலில் பெய்தது. அவர் அல்லாவைத் தவிர யாரையும் குறை சொல்லாத மனிதர். அன்று என்னையும் சேர்த்துக்கொண்டார். பிறகு பின் பம்பரில் ஒரு இரும்புக் குழாயை வெல்டிங் செய்து, இதழ் இதழாகக் கழற்றி மாட்டுகிற ஆறடி வலை டிஷ்ஷை அதில் பூட்டினேன். குழாய் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும், மணலோ எங்கும் சமமாக இருக்காது. எனவே ஒவ்வொரு வாரமும் டயருக்கு அடியில் பலகை கொடுத்து, ரசமட்டம் வைத்து, வண்டியையே நிமிர்த்துவேன். வண்டி ஒரு விரல் சாய்ந்தால் டிஷ் ஆகாயத்தில் வேறு நாட்டைப் பார்த்துவிடும். அரபுச் சேனல்கள் தென்மேற்கே இருக்கின்றன. எனவே வண்டியை எப்போதும் ஒரே திசையில் நிறுத்தி, அந்தப் பக்கம் மட்டும் பூட்டு விழுகிற மாதிரி கிளாம்ப் செய்தேன். கிழக்கே திருப்பினால் கூரையிலுள்ள ஏசிப் பெட்டி இடிக்கும். கிழக்கை யாரும் கேட்கவில்லை. இந்த வேலைக்காகவே என்னையும் வாராவாரம் கூட்டிப் போனார்கள். நான் இல்லாவிட்டால் முன்னோர் வாழ்க்கையில் ஒட்டகப் பந்தயம் தெரியாது.

எங்கள் ராமநாதபுரக் கரையில் ஆன்டெனா திருப்புவது ஊரே கூடிச் செய்கிற காரியம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைத் தொலைக்காட்சியை இழுப்பதற்காகத் தென்னைமர உயரத்தில் கம்பம் நட்டிருப்போம். ஒருவன் கூரைமேல் ஏறிக் கம்பத்தைத் திருகுவான், ஒருவன் வாசலில் நிற்பான், உள்ளே பெட்டிக்கு முன்னால் உள்ளவர்கள் சொல்லச் சொல்ல அவன் மேலே கத்துவான். "வருதா?" "வருது, வருது... போச்சு!" என்கிற இந்த மூன்று சொற்களை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு உலகக் கோப்பையையே பார்த்து முடித்திருக்கிறோம். என் படிப்பு, டிப்ளமா எல்லாம் பிறகு வந்தவை. தொழில் அந்தக் கூரையில் கற்றதுதான்.

அமலதாஸ் அண்ணன் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். மனைவி ரோஸ்லினைப் பார்த்து மூன்று வருஷம் தாண்டிவிட்டது. லீவு கேட்கும்போதெல்லாம் அர்பாப் இல்லை என்று சொல்வதில்லை. கேம்ப் சீசன் முடியட்டும் என்பார், பிறகு ரமலான் முடியட்டும் என்பார், பிறகு வெயில் காலம் போகட்டும் என்பார். வெயில் போனதும் கேம்ப் சீசன் வந்துவிடும். அப்படியொரு வியாழக்கிழமை டயருக்குப் பலகை வைத்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"பாய், நாளைக்கு ஒரு அரைமணி நேரம் நம்ம பக்கம் திருப்ப முடியுமா?"

"எதுக்குண்ணே?"

"எங்க வீட்டுக்காரி டிவில வாரா."

மாதா கோயில் திருவிழாவுக்குத் தமிழ்ச் சேனல்காரர்கள் காமிராவோடு வந்து, கூட்டத்தில் கண்டவர்களிடமெல்லாம் மைக்கை நீட்டி என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ரோஸ்லினும் பேசியிருக்கிறார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போடுகிறார்களாம். நமக்கு இங்கே மதியம் இரண்டரை. "போன்ல என்னட்டீ பேசுனன்னு கேட்டேன். பாத்துக்கிடுங்கன்னு மட்டும் சொல்லுதா பாய்" என்றார். மூன்று வருஷமாகப் பார்க்காத முகம். எனக்கே ஆசையாக இருந்தது.

கிழக்கே திருப்ப முடியும், ஆனால் பூட்ட முடியாது, நான் கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றேன். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த நேரத்தில்தான் ஒட்டகப் பந்தயம். மறுநாள் சாப்பாடு முடிந்ததும் அமலதாஸ் கையைக் கட்டிக்கொண்டு அபு ஹமதின் முன்னால் போய் நின்றார். இங்கே எல்லோருக்கும் பொதுவான உடைந்த உருதுவில், என் ஹுர்மா டிவியில் வருகிறாள் அர்பாப் என்றார். ஹுர்மா என்றால் மனைவி. திண்டில் சாய்ந்திருந்த அபு ஹமத் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன ஆயிற்று? விபத்தா?"

"இல்லை அர்பாப், நன்றாகத்தான் இருக்கிறாள்."

"போலீஸ் பிடித்துவிட்டதா?"

"இல்லை அர்பாப்."

"பிறகு எதற்கு டிவியில் காட்டுகிறார்கள்?"

 இதை அந்தச் சேனல்காரர்களிடம் கேட்டிருந்தால் அவர்களும் விழித்திருப்பார்கள். அபு ஹமத் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு ஒட்டகங்களை அணைக்கச் சொன்னார்.

நான் ஓடிப்போய் கிளாம்பைக் கழற்றி, ஏசிப் பெட்டியில் இடிக்காமல் டிஷ்ஷை வளைத்துக் கிழக்கே திருப்பினேன். அமலதாஸைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். புள்ளி புள்ளியாகப் படம் வந்தது, பற்பசை விளம்பரம். அந்தப் பழைய ரிசீவர் படத்துக்கு ஒரு எண், சத்தத்துக்கு வேறொரு எண் கேட்கும். சத்தம் வெறும் சீறலாக இருந்ததால் ஒலியைக் குறைத்துவிட்டு, பிறகு தேடலாம் என்று வைத்தேன். அதற்குள் அர்பாப் எழுந்துவிட்டார். இரண்டு மகன்களையும் அதட்டி வெளியே அனுப்பினார். அடுத்தவன் மனைவியை அந்நிய ஆண்கள் பார்ப்பதாவது என்பது அவர் நியாயம். அமலதாஸை மட்டும் உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். டிஷ்ஷைப் பிடிக்கப் போன என்னையும் திரும்பி நிற்கச் சொன்னார். நான் டெக்னீஷியன் அர்பாப், பார்த்தால்தானே சரிசெய்ய முடியும் என்றேன்.

"கண் எதற்கு? கையால் பிடி" என்றார்.

அந்த நேரத்தில் ஆசியாவில் பாதி தேசங்களில் யார் வேண்டுமானாலும் ரோஸ்லினைப் பார்க்கலாம். செலவில்லாமல் வானத்திலிருந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு மறைப்பு இருந்த ஒரே இடம் ராஸ் அல் கைமாவில் எங்கள் கேரவனைச் சுற்றி இருபதடிதான். அபு ஹமதும் மகன்களும் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக மணலில் உட்கார்ந்தார்கள். நான் காற்றோடு மல்லுக்கட்டி டிஷ்ஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஊரில் கூரையில் நின்றதுபோலவே கத்தினேன்.

"அண்ணே, வருதா?"

"வருது பாய், கைய எடுத்திராதிய!"

"இப்ப?"

பதில் இல்லை. இரண்டு தடவை கேட்டும் பதில் இல்லை. படம் போயிருந்தால் கத்தியிருப்பார் என்று விட்டுவிட்டேன். கை மரத்துப்போன நேரத்தில் கதவு திறந்தது. அமலதாஸ் இறங்கி வந்து அர்பாபிடம் ஷுக்ரன் என்று நன்றி சொன்னார். அதுவரை அர்பாப் திரும்பவே இல்லை. பிறகு அமலதாஸ் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"பாய், சத்தம் வரல."

"கூப்பிட்டிருக்கலாமேண்ணே!"

"நீங்க உள்ள வந்தா டிஷ்ஷ யாரு பிடிப்பா? படம் போயிருமே. மொத சிரிச்சா பாய். பொறவு என்னமோ ரொம்ப நேரம் சொன்னா. மைக்க வச்சிருந்த பிள்ளை சிரிச்சது, இவ கண்ணத் தொடச்சா. மெலிஞ்சிருக்கா."  தமிழ்நாடு முழுக்கக் கேட்டதை, யாருக்காகச் சொன்னாரோ அவர் மட்டும் கேட்கவில்லை.

திரும்புகிற வழியில் ஒரு போன் பூத்தில் வண்டியை நிறுத்தினார். நான் பக்கத்திலேயே நின்றேன். "பாத்தேன், நல்லாத் தெரிஞ்ச" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ரோஸ்லின் ஏதோ கேட்டார்.  அமலதாஸ் என்னைப் பார்த்தார், ரிசீவரைப் பார்த்தார். "சரி" என்றார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் கேட்டதுக்கு என்ன சொல்லுதியன்னு கேட்டா பாய். சரின்னுட்டேன். ஓன்னு அழுதுட்டா."

"கேக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஊரே கேட்டிருக்கு. நான் மட்டும் கேக்கலன்னு எப்டிச் சொல்ல?"

எதற்குச் சரி சொன்னோம் என்று தெரியாத மனிதனின் நிம்மதியின்மையைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். ஃபிரிட்ஜாக இருக்கும் என்றேன். ஃபிரிட்ஜுக்கு யாராவது அழுவார்களா என்றார். எங்கள் ஊரில் அழுவார்கள் என்று சொன்னேன். வளையல், மாடியில் ஒரு அறை, மச்சினனுக்கு விசா என்று வளைகுடா மனிதனிடம் கேட்கக்கூடிய எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தோம். லீவு முடிந்து வந்த ஊர்க்காரர் ஒருவர் அந்த நிகழ்ச்சியைப் பதிவுசெய்த கேசட்டைக் கருவாட்டுப் பொட்டலத்தோடு சேர்த்துக் கொண்டுவந்தபோதுதான் விடை கிடைத்தது. கடையில் வைத்துப் போட்டோம். படம் ஓட ஆரம்பித்ததும் நான் ஏனோ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். காதில் மட்டும் விழுந்தது.

"பாட்டெல்லாம் ஒண்ணும் வேண்டாம்மா. எங்க வீட்டுல அவுக அங்க இருக்காவ. பாத்துக்கிட்டுதான் இருப்பாவ. ஏங்க, சம்பாதிச்சது போதும். கஞ்சியோ கூழோ இங்கயே குடிப்போம். வந்திருங்க. வாறியளா?"

மைக் பிடித்த பெண் சூப்பர் என்று சொல்லி, கணவருக்காக ஒரு டூயட்டைப் போட்டுவிட்டாள்.

அமலதாஸ் ஆடிப்போய்விட்டார். போகக்கூடாது என்றில்லை, போகிற திட்டம் அவரிடம் எப்போதும் இருந்தது, எங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. வீடு முடியட்டும், பிள்ளை படிப்பு முடியட்டும் என்று அர்பாப் மாதிரியே நாங்களும் தள்ளுவோம். வீட்டில் கேட்டால் அர்பாப் விடமாட்டேன் என்கிறார் என்று சொல்லிக்கொள்ளலாம். முதலாளியின் மறுப்பு எங்களுக்குப் பெரிய துணை. அந்தத் துணையை நம்பித்தான் அவர் அபு ஹமதிடம் போய் நடந்ததைச் சொன்னார். மறுத்துவிடுவார், அதை ஊருக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. பிறகு வந்து நடந்ததை என்னிடம் சொன்னார்.

"நீ சரி என்று சொன்னாயா?" என்று கேட்டிருக்கிறார் அர்பாப்.

"சொன்னேன் அர்பாப். ஆனால்..."

"சொல்லிவிட்டாய். கலாஸ்."

கலாஸ் என்றால் முடிந்தது. மூன்று வருஷம் கேட்டும் கிடைக்காத லீவுக்குப் பதிலாக ஒரே வாரத்தில் விசாவை ரத்துசெய்து, டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார். மனைவிக்குக் கொடுத்த சொல்லைத் தன் ஆள் ஒருவன் மீறுவதை அவர் மானம் ஒப்புக்கொள்ளவில்லை. ஏர்போர்ட்டில் அமலதாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய அனுப்பி வைக்காவளா, வெரட்டுதாவளான்னே வெளங்கல பாய்" என்றார். இப்போது ஊரில் வாடகைக் கார் ஓட்டுகிறார். கடன் இருக்கிறதாம். உடம்பு தேறியிருக்கிறது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். யாருக்கு என்று கேட்டேன், இரண்டு பேருக்கும் என்றார்கள்.

இந்தக் குளிர்காலம் கேரவனுக்கு ஒரு புதிய ஏற்பாடு. அர்பாபின் உத்தரவுப்படி ஏசிப் பெட்டியைத் தாண்டுகிற மாதிரி குழாயை உயர்த்தி, கிழக்கிலும் பூட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் அரை மணி நேரம் டிஷ் நம் பக்கம். என் ஆட்களில் வேறு யாருடைய ஹுர்மாவும் பேசலாம் அல்லவா என்கிறார் அபு ஹமத். புதிய டிரைவர் ஒரு பாகிஸ்தானிப் பட்டான். அவர் மனைவி தமிழ்ச் சேனலில் வர வாய்ப்பில்லை. ஆக நான் மட்டும் உள்ளே. அர்பாபும் மகன்களும் வெளியே முதுகைக் காட்டி உட்கார்ந்து தமிழ்நாட்டுப் பெண்களின் மானத்தைக் காக்கிறார்கள். உள்ளே அரைகுறை உடையில் ஒரு நடிகை மழையில் ஆடிக்கொண்டிருப்பாள். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

என் மனைவி காமிராவைக் கண்டால் ஓடுகிறவள். போனிலேயே, "சொகமா இருக்கீங்களா, ஒடம்பப் பாத்துக்கங்க" என்பதோடு பிள்ளையிடம் கொடுத்துவிடுவாள். எப்ப வருவீங்க என்று அவள் இதுவரை கேட்டதில்லை. நல்ல குணம் என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தப் பெருமை கசக்கிறது. மைக்கை நீட்டும்போதெல்லாம் பின்னால் நிற்கிற கூட்டத்தில் அவளைத் தேடுகிறேன். ஒரே ஒரு தடவை ஊரறியக் கேட்டுவிட்டால் போதும், நானும் சரி என்று சொல்லிவிடுவேன்.

"வந்தாளா?" என்று வெளியே இருந்து அபு ஹமத் கேட்கிறார். திரும்பாமல்தான் கேட்கிறார்.

"இன்னும் இல்லை அர்பாப்."

"இருக்கட்டும். நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்."

அவர் மேற்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறார். டிஷ் கிழக்கே பார்த்து நிற்கிறது. நடுவில் நான், சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.