உரிய டிஸ்க் காணவில்லை

கையேட்டம்மாவின் வீட்டில் குளிக்கப் போனால்கூட வாசிக்க ஏதாவது இருக்கும். வெந்நீர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு: 'விளக்கு அணைந்த பிறகும் சற்றுப் பொறுக்கவும். முதலில் வருவது பச்சைத் தண்ணீர்தான்.' பால்கனிக் கதவில் இன்னொன்று: 'லேசாகத் தூக்கித் தள்ளினால்தான் மூடும்.' எல்லாம் அவரே எழுதியவை. அதைவிட முக்கியம், எல்லாம் அவரே செய்து பார்த்தவை.

துணி துவைக்கும் இயந்திரம் செய்கிற கம்பெனியில், வாங்குகிறவர்களுக்கான விளக்கப் புத்தகங்களை எழுதிக்கொண்டிருந்தவர். சட்டைப்பையில் காகிதத்தோடு துவைத்தால் என்ன ஆகும் என்று எழுதவேண்டி வந்தபோது, வீட்டுத் துணியையே காகிதத்தோடு துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொட்டார். அந்த வாரம் முழுக்க அவருடைய கணவரின் கறுப்புக் கால்சட்டையில் வெள்ளைத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. "நான் குடித்தனம் பண்றது ஆராய்ச்சிக்கூடத்துல" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் மனிதர்.

வேலையை விட்ட பிறகும் கை சும்மா இருக்குமா? ஊர் பேர் தெரியாத பலர் சேர்ந்து, காசு வாங்காமல் ஓர் இயங்குதளம் எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக் கணினியில் போட்டுக்கொள்ளலாம், உள்ளே திறந்தும் பார்க்கலாம். அந்தக் கூட்டத்தில் கையேடு எழுதும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார். அங்கே வைத்த பெயர்தான் கையேட்டம்மா. "இவ இப்ப டிரைவருக்கெல்லாம் எழுதிக் குடுக்கறா" என்று கணவர் சொன்னால், சொந்தக்காரர்கள் வண்டி ஓட்டுகிறவர்களை நினைத்துக்கொண்டு பெருமையாகத் தலையாட்டுவார்கள். இது வேறு டிரைவர். கணினியில் செருகியிருக்கும் கருவியோடு இயங்குதளம் பேசுவதற்கு நடுவில் நிற்கும் நிரல். கையேட்டம்மாவின் கைக்கு வந்தது, டிஸ்குகளைக் கட்டி மேய்க்கும் ஒரு கன்ட்ரோலர் கார்டின் டிரைவர்.

அதை எழுதியவரைக் கூட்டத்தில் ராக்கோழி என்பார்கள். ஊர் அடங்கிய பிறகுதான் அவருடைய மடல்கள் வர ஆரம்பிக்கும். டிரைவரைப் பிரமாதமாக எழுதினார். கையேட்டை மட்டும் எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று தள்ளிப்போட்டு, இரண்டு வருடத்துக்கு முன்பு தூக்கத்திலேயே போய்விட்டார். கையேடு இல்லாத டிரைவரை அடுத்த வெளியீட்டிலிருந்து எடுத்துவிடுவோம் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னபோது கையேட்டம்மாவுக்குச் சுருக்கென்றது. "நான் எழுதறேன். ஆனா கார்டு கையில வேணும்" என்று பதில் போட்டார். அது கடைகளில் கிடைக்காத கார்டு. தேடித் தேடி, கடைசியில் ராக்கோழியின் மனைவியே அவர் வைத்திருந்த கார்டைப் பழைய துண்டில் சுற்றி அனுப்பிவைத்தாள்.

வீட்டில் ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறை உண்டு. ஏணி, காலிப் பெட்டிகள், உடைந்த நாற்காலி இவற்றுக்கு நடுவில்தான் அவருடைய சோதனைக் கணினி. கார்டைச் செருகி ஆன் செய்தார். பீப், பீப் என்று கத்த ஆரம்பித்த கார்டு நிறுத்துவதாக இல்லை. திரையில் மூன்று வரிகள் வந்தன.

'உரிய டிஸ்க் காணவில்லை. அதில் எழுத வேண்டியது என்னிடம் உள்ளது. அழித்துவிடவா?'

அந்தக் கார்டின் குணம் அப்படி. எழுதச் சொன்னதை முதலில் தன் கையில் வாங்கி வைத்துக்கொள்ளும், பிறகு சாவகாசமாக டிஸ்கில் எழுதும். நடுவில் மின்சாரம் போனால், தன்னோடு ஒட்டியிருக்கும் குட்டிப் பேட்டரியின் தயவில், கையில் இருப்பதை ஒரு சின்னச் சிப்பில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் ஓயும். அப்புறம் எத்தனை வருடம் ஆனாலும், ஆன் செய்தவுடன் தன்னுடைய பழைய டிஸ்கைத் தேடும். டிஸ்கைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அழி என்று சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாமல் வேறு எந்த வேலைக்கும் இணங்காது.

அழிக்கும் கட்டளையைப் பற்றியும் கையேட்டில் எழுதியாக வேண்டும். எழுதுவதென்றால் செய்து பார்க்க வேண்டும். செய்து பார்த்தால், செத்துப்போன ஒருவர் கடைசியாக எழுதியது எதுவோ அது போய்விடும். கையேட்டம்மா பொத்தானில் விரலை வைப்பார், எடுப்பார். இப்படியே நாட்கள் ஓடின. "உன் பேய் கூப்பிடுது, போ" என்று கணவர் கூடத்திலிருந்து குரல் கொடுப்பார். முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு கணினியை அணைத்துவிட்டுக் காய் நறுக்கும்போதும் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. தெருவில் ஒரு லாரி பீப், பீப் என்று பின்னோக்கி நகர்ந்தபோது, யாரோ தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். பயமாக இருந்தது. அன்றைக்கே ராக்கோழியின் மனைவிக்குப் போன் செய்தார்.

"அந்தக் கார்டுல ஏதோ இருக்கும்மா. கரண்ட் போனதால டிஸ்க்ல போய்ச் சேராம நிக்குது. அழிச்சாத்தான் எனக்கு மேல வேலை ஓடும். உங்களைக் கேக்காம செய்ய மனசு வரல."

"கரண்ட் போனப்போ நின்னதா அக்கா?"

"ஆமா."

"கரண்ட் போகல. நான்தான் மெயினை அணைச்சேன்."

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அன்றைக்குச் சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு எத்தனை முறை கூப்பிட்டாலும், திரும்பிக்கூடப் பார்க்காமல் "இதோ" என்றாராம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், படியோரம் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டாள்.

"இருட்டுல சின்னதா ஒரு சிரிப்பு சிரிச்சார் அக்கா. ஒரு வார்த்தை திட்டல. வந்து சாப்பிட்டார், படுத்தார். காலையில எழுந்திருக்கல." குரல் தழைந்தது. "அது என்ன சிரிப்புன்னுதான் ரெண்டு வருஷமா மண்டையைப் போட்டு உடைச்சுக்கறேன். எத்தனை நாள் வேலையை நாசம் பண்ணேனோ. மனசு விட்டுப்போய்ச் சிரிச்சாரோ. அந்த நோவுலயே போயிட்டாரோ. இப்பெல்லாம் லைட்டை அணைக்கக்கூட பொண்ணைத்தான் கூப்பிடறேன்."

"டிஸ்க் என்ன ஆச்சு?"

"கொழுந்தனார் கம்ப்யூட்டரைப் பிரிச்சு எடுத்துட்டுப் போனார். அந்தக் கார்டையும் டிஸ்க்கையும் மட்டும் நான் குடுக்கல. டிஸ்க் பீரோவுல இருக்கு. யாரும் கேக்கலையே அக்கா."

கேட்காதது தன் தப்புதான் என்று கையேட்டம்மாவுக்கு உறைத்தது.

அடுத்த விடுமுறை நாள் காலையில் அவள் வந்தாள். ராக்கோழியின் கம்பளித் தொப்பிக்குள் டிஸ்கைப் பொதிந்து, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருந்தாள். காபி வேண்டாம் என்றாள். சாமான் அறையின் உடைந்த நாற்காலியில் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தாள். கையேட்டம்மா டிஸ்கை மாட்டி ஆன் செய்தார்.

பீப் சத்தம் வரவில்லை. டிஸ்கின் விளக்கு கொஞ்ச நேரம் படபடவென்று துடித்தது. இரண்டு வருடமாகக் கையில் வைத்திருந்ததைக் கார்டு அதற்குரிய இடத்தில் இறக்கிவைத்தது. வாரக்கணக்கில் காதைக் குடைந்த சத்தம் நின்றுபோன பிறகு, அந்த அறையில் இருக்கவே கையேட்டம்மாவுக்கு என்னவோ போல் இருந்தது. கடைசியாக மாறிய கோப்பைத் தேடித் திறந்தார்.

திரை முழுக்க ஒரே சொல். ஒவ்வொரு வரியிலும் ஓர் எண், பக்கத்தில் 'இருக்கிறேன்'. எண் ஏறிக்கொண்டே போனது, சொல் மாறவில்லை. இருக்கிறேன். இருக்கிறேன். இருக்கிறேன்.

அவள் வாய்விட்டு வாசித்தாள். பாதியில் நிறுத்தி, எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கோப்பின் தலையில் இருந்த குறிப்பு கையேட்டம்மாவின் கண்ணில் பட்டுவிட்டது. 'மின்சாரம் போகும்வரை ஓடவிடவும். நாமே அணைத்தால் கணக்கில் சேராது. எதிர்பாராமல் போகவேண்டும்.'

"இங்க பாருங்கம்மா. இது அவர் வச்ச சோதனை. இருக்கிறேன், இருக்கிறேன்னு நிரல் எழுதிக்கிட்டே இருக்கும். கரண்ட் திடீர்னு போனா எத்தனை வரி தப்பிக்குதுன்னு பாக்கறதுக்கு." அவருக்கு ராக்கோழியின் பழைய மடல் ஒன்று ஞாபகம் வந்தது. "எங்க கட்டடத்துல கரண்ட் போகவே மாட்டேங்குது, யாராவது வந்து சாபம் விடுங்கன்னு எங்களுக்கெல்லாம் எழுதியிருந்தார். அவர் காத்துக்கிட்டு இருந்ததைத்தான் நீங்க செஞ்சிருக்கீங்க. நடுவுல ஒரு வரி விடுபடல. எதுவும் நாசமாகல."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ அந்தச் சிரிப்பு? சந்தோஷத்துல சிரிச்சதா அக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? கணவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார். கையேட்டம்மாவின் வாயில் அது வரவில்லை. தன் மேலேயே அவருக்கு எரிச்சலாக வந்தது.

"அது எனக்குத் தெரியாதும்மா. இங்க இருக்கறது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கையேட்டம்மா அந்தச் சோதனை நிரலை மட்டும் நகலெடுத்துக்கொண்டு டிஸ்கைக் கழற்றிக் கொடுக்க, வாங்கித் தொப்பிக்குள் வைத்தாள். கிளம்புகிறவள் மாதிரி நின்று, "இனிமே உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டாள்.

"என்னோட காலி டிஸ்க்கை மாட்டி, இதே சோதனையை ஓடவிட்டு, கரண்டைத் துண்டிக்கணும். அப்புறம் டிஸ்க்கைக் கழட்டிட்டு, அழிக்கற கட்டளையைக் குடுத்துப் பாக்கணும். நான் சொல்லாமலே அணைங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும்."

"நான் அணைக்கறேன்."

"வேண்டாம்மா."

"மெயின் எங்க இருக்கு?"

வாசல் கதவுக்குப் பின்னால் என்று கையேட்டம்மா சொன்னார். அவள் போனாள். கையேட்டம்மா தன் டிஸ்கை மாட்டி, ராக்கோழியின் நிரலை ஓடவிட்டார். இருக்கிறேன், இருக்கிறேன் என்று வரிகள் ஏற ஆரம்பித்தன. வாசல் பக்கம் சத்தமே இல்லை. அந்தப் பெண்ணால் முடியவில்லை போலிருக்கிறது, பாவம், நாமே போய்க் கூட்டி வந்துவிடலாம் என்று எழுந்தார்.

டக்கென்று எல்லாம் அணைந்தது. திரை, விளக்கு, கூடத்து மின்விசிறி எல்லாம். கன்னங்கரிய இருட்டில், திறந்து கிடந்த கணினிக்குள் கார்டின் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. கையில் வாங்கியதை அது பத்திரப்படுத்திக்கொண்டிருந்தது. டிரைவரின் நிரலில் அத்தனை முறை வாசித்த காரியம், கண் முன்னால் நடந்தது. கையேட்டம்மாவை அறியாமல் உள்ளேயிருந்து என்னவோ கிளம்பி வந்தது. சிரித்துவிட்டார். அந்த வீட்டில் அவர் சிரித்து யாரும் அதிகம் கேட்டதில்லை.

சிரித்த பிறகுதான் வாசலில் நிற்பது யார் என்பது நினைவுக்கு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதேதான் அக்கா." குரல் வாசலிலிருந்து வந்தது. "இந்தச் சிரிப்புதான்."

பச்சை விளக்கு தன் வேலை முடிந்து அணைந்தது. வாசலில் அவள் இன்னும் சுவிட்சின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை போட்டு அணைக்கட்டுமா அக்கா?"