அரை மாத்திரை அக்கா

விரல்களை மடக்கி மெத்தையில் ஒரு குத்து. பிறகு, மெத்தை வாங்க வந்தவரின் முகத்தை அக்கா பார்க்க மாட்டாள், இடுப்பைப் பார்ப்பாள். "இது உங்களுக்கு ஆகாதுங்க. ரொம்ப மெதுமெதுன்னு இருக்கு, காலையில முதுகு புடிச்சுக்கும். அதோ அந்தப் பஞ்சு மெத்தையில ஒரு பத்து நிமிஷம் படுத்துப் பாருங்க." செருப்போடு ஏறுகிறவர்களுக்காகக் கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, சுருக்கம் நீவி விடுவாள். படுத்தவர் குறட்டை விட்டால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம்.

கடை அவள் அண்ணனுடையது. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. மெத்தையைத் தலையில் சுமந்து தெருத் தெருவாகக் கூவி விற்று, தன் கையே தனக்கு உதவி என்று நாலு கதவு வைத்த கடையாக்கியவர். அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது? "இந்த உடம்பு இதுவரைக்கும் ஒரு ஊசியக் கண்டதில்ல" என்று மார்பைத் தட்டிக்கொள்ளவும் செய்வார். ஊருக்கே தூக்கம் விற்கிற கடையில் நிற்கும் தங்கைக்குத் தூக்கமில்லை என்பது மட்டும் அவருக்கு வெகுகாலம் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் அவளுக்கு வந்த காய்ச்சல் போய்விட்டது. அது கூட்டிவந்த அசதி போகவில்லை. ஒருநாள் ஓடியாடினால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. அந்த நிலையில் மாதவிலக்கும் நிற்கத் தொடங்கியது. திடீரென்று கழுத்திலிருந்து நெருப்பு ஏறும். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போய், கடையின் இரும்புக் கதவில் கன்னத்தை ஒட்டிவைத்து நிற்பாள். தெரிந்த பொருளின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும். "அது... இந்த... தலைக்கு வைக்கிறது" என்பாள், தலையணையைக் கையில் பிடித்துக்கொண்டே.

மருந்து இல்லாமல் இல்லை. ஆனால் மருந்துக்கும் அவள் உடம்புக்கும் ஏழாம் பொருத்தம். சாதாரணத் தலைவலிக்கு அரை மாத்திரை போட்டாலே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். சரக்கு வண்டி ஓட்டுகிறவன்தான் 'அரை மாத்திரை அக்கா' என்று பெயர் வைத்தான்.

"அக்காவுக்கு மருந்துச் சீட்டக் காட்டினாலே போதும், குணமாயிரும்."

"காட்டினா மயக்கம்தான்டா வரும். தள்ளி நில்லு."

மாதவிலக்குத் தொல்லைக்கு டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் தலை சுற்றி, தலையணை அடுக்கின் மேலேயே சாய்ந்தாள். தோலில் தடவும் மருந்து கொடுத்தார். தோல் தடித்ததுதான் மிச்சம். கடைசியாக, பிளாஸ்திரி மாதிரி வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் மருந்து. இருப்பதிலேயே சின்னது. அதையும் வெட்டிக் கால்வாசியில் ஆரம்பிக்கச் சொன்னார். புதுக் கத்தரியை வெந்நீரில் கழுவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினாள். அந்த நாட்களில் புதுச் சோப்பைக்கூட வீட்டுக்குள் விடவில்லை. "உடம்பு தடிச்சா எது கடிச்சுதுன்னு தெரியணுமில்ல?"

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "நகத்தளவு துண்டு என்னத்தக் கிழிக்கும்? முழுசா ஒட்டு. நானெல்லாம் தலையில..."

"உங்க தலை சுமந்துச்சு அண்ணே. என் உடம்பு தொட்டதுக்கெல்லாம் கோவிச்சுக்குதே."

"அப்ப வீட்டுல இரு. நான் வேற ஆளப் போட்டுக்கறேன்."

கரிசனமாகத்தான் சொன்னார். அவளுக்கு அது கதவைச் சாத்துகிற மாதிரி கேட்டது. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் சுவர்தான் இருந்தது. மனிதக் குரல் கடையில்தான். "இந்த ஒட்டுக்கு மட்டும் தவணை குடுங்க. இதுவும் ஒத்துக்கலேன்னா நானே சாவியக் குடுத்துடறேன்."

கால்வாசி ஒத்துக்கொண்டது. விடியும்வரை தூங்கிய இரவுகள் வந்தன. தலையணைக்குத் தலையணை என்ற பெயர் திரும்பி வந்தது. "எங்க ரத்தம் அப்படி, விழுந்தாலும் எந்திரிச்சுடும்" என்று அண்ணன் கடைக்கு வந்தவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பேச்சுதான் அவளைக் கெடுத்தது. ஒரு விடுதிக்கு மொத்தச் சரக்கு எடுக்க ஆள் வருகிற அன்று, நாள் முழுக்க நிற்க வேண்டுமே என்று, டாக்டரம்மாவைக் கேட்காமல் அரைவாசியை ஒட்டிக்கொண்டாள். சோப்புக்குப் பயந்தவள் அண்ணன் சொல்லுக்கு மயங்கினாள்.

விடுதிக்காரரிடம் கடைசிவரை சிரித்தபடி நின்றாள். அவர் வண்டி தெரு முனை திரும்பியதும் மெத்தை அடுக்குக்குப் பின்னால் போய் ஒட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். உதடு வெளுத்திருந்தது. கடைச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"எதுக்கு இப்ப இது?"

"அரைவாசி ஒட்டினேன், ஒத்துக்கல. சொன்ன சொல்லு அண்ணே."

தலையில் சுமந்த கதையை அண்ணன் அன்று எடுக்கவில்லை. சாவியை எடுக்கவும் இல்லை, அவள் பக்கம் தள்ளவும் இல்லை. "டாக்டரம்மா எந்தத் தெருவுல இருக்காங்க? நானும் வரேன்" என்றார்.

"போலாம். அதுக்கு முன்னால ஒரு பத்து நிமிஷம்..."

வேலை பார்க்கிறவர்கள் கடை மெத்தையில் படுக்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். அவர் எழுந்து போய்க் கதவைப் பாதி இறக்கினார்.

அவள் மூலையில் கிடந்த விலை குறைந்த மெத்தைக்குப் போனாள். காலில் செருப்பு இல்லை. ஆனாலும் பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துக் கால்மாட்டில் போட்டு, சுருக்கத்தை இரண்டு கையாலும் நீவி விட்டு, அப்புறம்தான் படுத்தாள்.