தகரக் கொட்டாய் தனபாக்கியம் அம்மாள்

காலை ஆறரை மணிக்கு மைக் செட் ஏழுமலையின் ஆட்டோ என் வீட்டு வாசலில் வந்து நின்றபோதே நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, குடிதண்ணீர் வராத நாள், சாவுச் செய்தி எல்லாவற்றையும் எங்கள் ஊரில் சொல்வது அந்த ஆட்டோதான். ஆறரை மணிக்குத் தள்ளுபடிக்காக யாரும் கதவைத் தட்டமாட்டார்கள்.

"நர்சம்மா பூட்டாங்க சார்," என்றார் ஏழுமலை. "தூக்கத்துலயே. என்னா சொல்லணும்னு உங்ககிட்ட எழுதி வாங்கினு வரச் சொன்னாங்க அவங்க வூட்ல."

பேனாவைத் தேடினேன். சட்டைப் பையில்தான் இருந்தது. 'ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் திருமதி தனபாக்கியம் அவர்கள் இன்று அதிகாலை இயற்கை எய்தினார்' என்று எழுதி, வழக்கப்படி வாய்விட்டுப் படித்தேன். எந்த அறிவிப்பையும் அப்படிப் படித்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது அந்த அம்மாள் எனக்குப் போட்டிருந்த உத்தரவு. அவர்கள் பெயர் வந்த இடத்தில் தாளை ஏழுமலையிடம் நீட்டிவிட்டேன். மீதியை ஏழுமலை படித்தார்.

மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் நான் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தபோது, தனபாக்கியம் அம்மாள் கல்வராயன் மலையில் நர்சாக இருந்தார்கள். சொந்த ஊர் தியாகதுருகம். அப்பா கரும்பு வெட்டும் கூலி. மாதத்துக்கு ஒருமுறை மலையிலிருந்து வந்து தம் பதிவேட்டை என் மேசையில் வைப்பார்கள். எனக்கோ ரகரமும் றகரமும் மாறினால் பல் கூசும். எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மை போடுவது எழுத்தர் வேலையில் சேர்த்தி இல்லைதான். இருந்தாலும் போடுவேன். எந்த ஆபீசிலும் இப்படி ஒருத்தன் இருப்பான். எங்கள் ஆபீசில் அது நான்.

முதல் மாதமே வம்பு வந்தது. 'கர்ப்பிணி இன்று மலையிலிருந்து இரங்கினார்' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தார்கள். "நர்சம்மா, மலையை விட்டுக் கீழே வந்தால் பெரிய 'ற' போட்டு 'இறங்கினார்'. சின்ன 'ர' போட்டால் பரிதாபப்பட்டார் என்று அர்த்தம்," என்று விளக்கினேன். அவர்கள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். யாராச்சும் எரங்குனாதான் அவங்க எறங்க முடியும்."

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த மாதமும் அவர்கள் சின்ன 'ர'தான் போட்டார்கள். நானும் சிவப்பு மைதான் போட்டேன். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று.

அவர்கள் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். மலைக் கிராமங்களில் கர்ப்பிணிகளைக் கணக்கெடுத்து, பிரசவத்துக்குப் பத்து நாளைக்கு முன்பே கீழே கூட்டி வந்துவிடுவார்கள். வலி வந்த பிறகு கிளம்பினால் அந்த வளைவுகளில் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் அவர்கள். கூட்டி வந்தால் தங்க இடம்? ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பேருந்து நிற்கும் சாலையைப் பார்த்தாற்போல் ஒரு தகரக் கொட்டாய் இருந்தது. அதில்தான் கர்ப்பிணியும், துணைக்கு அவள் அம்மாவோ மாமியாரோ, சில நேரம் ஒரு கோழியும் தங்கும். மூன்று கல் கூட்டிக் களி கிண்டுவார்கள். புகை முழுவதும் என் ஜன்னல் வழியாக வரும். நான் எத்தனையோ தடவை புகார் சொல்லியிருக்கிறேன். "கண்ணு எரிஞ்சா கண்ண மூடிக்கினு எழுதுங்க சார், தப்பு கம்மியா வரும்," என்பார்கள்.

அவர்களைக் கண்டு மலைப் பெண்கள் ஓடிய காலமும் உண்டு. அதை அவர்களே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். கருத்தடை ஆபரேஷனுக்கு ஆள் கூட்டி வர வேண்டியதும் அவர்கள் வேலைதான். எத்தனை பேர் என்று மேலதிகாரிகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இவர்களுடைய கறுப்புக் குடை தூரத்தில் தெரிந்தாலே பெண்கள் மரவள்ளிக் காட்டுக்குள் புகுந்துவிடுவார்களாம். இவர்கள் குடையை மடக்கி வைத்துவிட்டு, யார் வீட்டு வாசலிலாவது உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டே இருப்பார்களாம். உரித்து முடிப்பதற்குள் ஒவ்வொருத்தியாக வெளியே வருவாளாம்.

அவர்கள் ஓய்வு பெற்று மூன்று நான்கு வருடம் கழித்து, பழைய ஆஸ்பத்திரி வளாகத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் வந்தது. வரைபடம் பெரிதாக அச்சாகி வாசலில் மாட்டப்பட்டது. அதில் தகரக் கொட்டாய் இருந்த இடத்தில் 'காலி இடம்: வாகன நிறுத்தம்' என்று போட்டிருந்தது. பின்பக்கக் கேட்டும் இல்லை. பொதுமக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்றார்கள். அறிவிப்பு எழுதும் பொறுப்பு என்னுடையது. 'மருத்துவமனை வளாகத்தில் நடைபெறும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பொதுமக்கள் தவறாமல் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' ஒற்று மிகுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். ஏழுமலை மலைக்கும் போய் அறிவித்து வந்தார்.

கூட்டத்துக்குக் கச்சிராயபாளையத்துப் பக்கத்திலிருந்து கரும்பு விவசாயிகள் வந்தார்கள், கடைக்காரர்கள் வந்தார்கள். வண்டி நிறுத்த இடம் ஜாஸ்தி வேண்டும், மருந்து கொடுக்கிற இடத்தில் நிழல் வேண்டும் என்றார்கள். மலையிலிருந்து ஒரு ஆள் இல்லை. அதைவிட அதிசயம், எந்நேரமும் புகையும் கொட்டாயிலேயே அன்று ஒருவரும் இல்லை. கடைசி வரிசையில் இருந்த தனபாக்கியம் அம்மாள் எழுந்து, அது காலி இடம் கிடையாது, மலைக்காரப் பெண்கள் தங்கும் இடம் என்றார்கள். மேடையிலிருந்த அதிகாரி நல்ல மனிதர். எட்டிப் பார்த்துவிட்டு, "காலியாத்தானே இருக்குதும்மா?" என்று தன்மையாகக் கேட்டார். அந்த அம்மாள் பதில் சொல்லாமல் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். நான் என் பங்குக்கு நடவடிக்கைக் குறிப்பில், 'மலைப் பகுதியிலிருந்து எவரும் வரவில்லை. எனவே அவர்களுக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை' என்று அழகாக எழுதி வைத்தேன்.

மறுநாள் காலைப் பேருந்தில் அவர்கள் மலையேறிப் போனார்கள், முட்டி வலியோடு. மாலையில் என் மேசைக்கு வந்தபோது சிரிப்பில் மூச்சு வாங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என்ன விஷயம் என்று மூன்று தடவை கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

மலைக் காற்றில் மைக் சத்தம் பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. 'மருத்துவமனை' விழுந்திருக்கிறது. 'கருத்து' விழுந்திருக்கிறது. 'தவறாமல்' நன்றாகவே விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கருத்தடைக் கூட்டம், எல்லாரும் தவறாமல் வந்தாக வேண்டும் என்று ஊருக்கு ஊர் செய்தி பரவிவிட்டது. கொட்டாயில் தங்கியிருந்த கர்ப்பிணிகளையும், பிள்ளை பெற்ற கையோடு ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்று பயந்து, முதல் நாளே வீட்டுக்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சடையம்மாள் என்பவருடைய மகளுக்கு இன்றோ நாளையோ என்று நாள் நெருங்கியிருந்தது. அவளும் மலைக்குப் போய்விட்டாள்.

"அவள மட்டும் கையோட கூட்டிக்கினு வந்துட்டேன். கொட்டாயில படுத்துக்கினு கீறா," என்றார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. முந்தானை கண்ணுக்குப் போயிற்று.

"உங்க மேல மட்டும் தப்பு இல்ல சார். கருத்துன்னாலே அதான்னு அவங்க காதுல போட்டது யாரு? நானு. பதினெட்டு வருசம் அத்தத்தான் சொல்லிக்கினு திரிஞ்சேன். அவங்க கருத்த ஒரு நாளு கேட்டிருப்பேனா?"

நடவடிக்கைக் குறிப்பு தட்டச்சாகி, கள்ளக்குறிச்சிக்குப் போகும் தபாலில் உறைக்குள் இருந்தது. அது போய்ச் சேர்ந்தால் கொட்டாய் அவ்வளவுதான். போகாமல் நிறுத்தினால், என் அறிவிப்பை ஒரு மலையே தப்பாகப் புரிந்துகொண்டது என்று என் கையாலேயே எழுத வேண்டும். தமிழ் சுத்தமாக எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியவனுக்கு அது எவ்வளவு கேவலம்! புதிதாக ஒரு குறிப்பு எழுதி அதை மாற்றி வைத்துவிடலாமா என்று கேட்டேன். வெட்கமில்லாமல் கேட்டேன் என்றே சொல்ல வேண்டும்.

"எழுதினத அழிக்க வேணாம் சார். அதுங்கீழ நடந்தத எழுதுங்க," என்றார்கள். நான் எழுதி முடிக்கும் வரை ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

எழுதினேன். 'அறிவிப்பின் வாசகம் மலை மக்களால் கருத்தடை முகாம் என்று புரிந்துகொள்ளப்பட்டது. ஆகவே அவர்கள் கருத்து இதுவரை கேட்கப்படவில்லை.' மூன்று நாள் கழித்து அதிகாரி என்னைக் கூப்பிட்டு, உலகத்தில் வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா என்று ஒரு பிடி பிடித்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு கூட்டத்துக்கு நாள் கொடுத்தார். அதற்குள் சடையம்மாள் மகளுக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பெண் குழந்தை பிறந்திருந்தது. வயிற்றில் தலை திரும்பாமல் இருந்த குழந்தை அது, மலையிலேயே இருந்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் அறிவிப்பை அந்த அம்மாள்தான் சொன்னார்கள், நான் எழுத மட்டும் செய்தேன். 'மலைக்காரங்க தங்கற கொட்டாய இடிக்கப் போறாங்களாம். இடிக்கலாமா வேணாமான்னு சொல்ல வாங்க. ஆபரேசன் கிடையாது.' எழுதியதை வாய்விட்டுப் படிக்க வைத்து, இனி எதையும் அப்படிப் படித்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டார்கள். ஏழுமலை அந்தக் கடைசி வரியை ஊருக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் மலையில் அவருக்கு 'ஆபரேசன் கிடையாது' என்றுதான் பெயர்.

மேடை வேண்டாம், கொட்டாயிலேயே கூட்டம் நடக்கட்டும் என்று அம்மாள் சொன்னார்கள். அப்படியே நடந்தது. கொட்டாய் கொள்ளாமல் ஆட்கள் வெயிலில் நின்றார்கள். அதிகாரிக்கு அடுப்புக் கல்லின் மேல்தான் உட்கார இடம் கிடைத்தது. முதலில் யாரும் பேசவில்லை. நர்சம்மா ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கலாமே என்று சைகை காட்டினேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார்கள். கடைசியில் சடையம்மாள்தான் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். மெத்தை வேண்டாம், ஃபேன் வேண்டாம். களி கிண்ட ஒரு இடம், புகை போக ஒரு வழி, பஸ்ஸைப் பார்த்தாற்போல ஒரு வாசல், இவ்வளவும் இருந்தால் மகளை நம்பி அனுப்புவோம் என்றார். பிறகு எல்லாரும் பேசினார்கள். எனக்கு எழுதிக் கை வலித்தது.

வரைபடம் மாறியது. 'காலி இடம்' என்ற எழுத்து போய், 'மலைவாழ் மகளிர் பிரசவ காலக் காத்திருப்புக் கூடம்' வந்தது. ஆசையோடு நர்சம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இன்னா சார் இம்மாம் நீளம்? கொட்டாய்னு போட்டா ஆவாதா?" என்றார்கள். போன வருடம் கூடம் திறந்ததிலிருந்து அநேகமாகத் தினமும் வந்து, வாசலில் முட்டியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து மொச்சை உரித்தார்கள். சமையலறைப் புகை மேலே குழாய் வழியாகப் போய்விடுகிறது. என் ஜன்னலுக்கு இப்போது ஒன்றும் வருவதில்லை. சில நாள் அது குறையாகவே இருக்கிறது.

அவர்கள் மறைந்த நான்காம் நாள் அந்தக் கூடத்திலேயே கூட்டம் வைத்தோம். ஏழுமலை வந்து வாசகம் கேட்டார். 'தனபாக்கியம் அம்மாள் அவர்களுக்கு இரங்கல் கூட்டம்' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். துக்கத்தில் வாய்விட்டுப் படித்துப் பார்க்க மறந்துபோனேன்.

அன்று ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர்தான் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மலையிலிருந்து வரும் பத்தரை மணி வெள்ளிமலைப் பேருந்து பின்வாசலுக்கு எதிரே வந்து நின்றது. இறங்குகிறார்கள், இறங்குகிறார்கள், இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். நிறைமாதப் பெண்கள், கைக்குழந்தைக்காரிகள், ஒருவர் கையில் கோழிகூட இருந்தது. முன்னால் சடையம்மாள், அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, அன்று தலை திரும்பாமல் இருந்த அந்தப் பேத்தி. இவ்வளவு பேரா என்று சடையம்மாளிடம் கேட்டேன்.

"எறங்கல் கூட்டம்னு மைக்குல சொன்னாங்களே சார். நாங்க எறங்கறதுக்குத்தானே அந்தம்மா அம்மாம் பாடுபட்டுச்சு. அதான் ஊரோட எறங்கிட்டோம்."

அது வேறு 'ர', இது வேறு 'ற' என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பு எழுதினேன். 'மலையிலிருந்து அனைவரும் இரங்கினார்கள்.' சின்ன 'ர'தான், நர்சம்மா. வாய்விட்டும் படித்துப் பார்த்துவிட்டேன். சரியாகத்தான் இருக்கிறது. போய் வாருங்கள்.