குழாயில் சிக்கிய கல்யாண மாலை

எங்கள் வயல்களுக்கு நடுவே எண்ணெய்க் கிணறு தோண்ட வந்தவர்கள், லாரி போவதற்காக வாய்க்காலின் குறுக்கே ஒரு ரோடு போட்டார்கள். தண்ணீருக்காக அடியில் ஒடுக்கமான சிமெண்ட் குழாய் ஒன்றையும் வைத்தார்கள். அதையும் மேட்டில் வைத்தார்கள். ரோட்டுக்கு மேற்கே தண்ணீர் குளமாகத் தேங்கியது. கிழக்கே கடைமடையில் எங்கள் நாற்றங்கால் காய்ந்து வெடித்தது. அப்பாவும் மற்றவர்களும் போய்ச் சொன்னபோதெல்லாம் மேலிடத்தில் கேட்கிறோம் என்றே பதில் வந்தது. அந்த மேலிடம் எவ்வளவு உயரத்தில் இருந்ததோ, யாருக்கும் எட்டவில்லை.

ஆடிப்பெருக்கு வந்தது. வைகாசியில் கல்யாணமான சித்தி, வழக்கப்படி தன் கல்யாண மாலையை ஆற்றில் விட வேண்டும். அதற்குப் படித்துறைக்குத்தான் போவோம். அந்த வருஷம் அத்தை, "எல்லாரும் ரோட்டு வாய்க்காலுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டாள். அத்தை சொன்னால் சொன்னதுதான்.

நடு ரோட்டில் கோலம் போட்டு, காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துப் படைத்தோம். இருபுறமும் லாரிகள் நின்றுவிட்டன. சித்தி தண்ணீரில் விட்ட தடித்த மாலை நேராகப் போய்க் குழாயின் வாயில் சிக்கிக்கொண்டது. மாலை போகாவிட்டால் சித்தப்பாவுக்கு ஆகாது என்று பெண்கள் பதறினார்கள். ஆனால் நிஜமாகவே ஓவென்று அழுதது சின்னப் பெண்ணான நான் ஒருத்திதான்.

இன்ஜினியர் ஓடி வந்து, "எப்பம்மா முடியும்?" என்றார்.

"மாலை அந்தப் பக்கம் போவட்டும் தம்பி, எழுந்திரிச்சுடுறோம். புதுப்பொண்ணு மாலைய பாதியில விட்டுட்டுப் போகலாமா, நீங்களே சொல்லுங்க" என்று அத்தை அவர் கையில் காப்பரிசியை வைத்தாள்.

அவர் மென்றுகொண்டே என்னைப் பார்த்தார், லாரிகளைப் பார்த்தார், பிறகு குனிந்து குழாயைப் பார்த்தார். ரோடு போட்டபின் அதைக் குனிந்து பார்த்த முதல் அதிகாரி அவர்தான். செல்போனில் யாரிடமோ சத்தம் போட்டார். மதியத்துக்குள் பொக்லைன் வந்து ரோட்டை வெட்டியது. மாலையை அடித்துக்கொண்டு தண்ணீர் கிழக்கே பாய்ந்தது. வரப்பில் நின்ற அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ மாலை போனதில்தான் சந்தோஷம்.

இப்போது கிணற்றை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் அகலமான மதகு இருக்கிறது. ஊர்ப் புதுப்பெண்கள் அங்கேதான் மாலை விடுகிறார்கள். போன ஆடியில் என் மகளோடு அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. வைகாசி மாலை ஆடியில் சருகாக அல்லவா இருக்க வேண்டும்? சித்தியின் மாலை ரோஜா வாசம் வீசியது.

அன்று பொக்லைன் வருமுன் இன்ஜினியர் அந்த மாலையைக் குச்சியால் இழுத்து எடுத்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் எறிந்திருந்தால் அவர் வேலை முடிந்திருக்கும். அவரோ முகர்ந்து பார்த்தார், அத்தையைப் பார்த்துச் சிரித்தார், "ரோட்டை வெட்டினப்புறம் விடுங்கம்மா" என்று சித்தியிடமே கொடுத்துவிட்டார். பாவம், மனிதருக்கு ரோஜா என்றால் அவ்வளவு பிரியம் போல என்று அப்போது நான் நினைத்துக்கொண்டேன்.